தள்ளி நட்ட சுமைதாங்கி

அன்புள்ள அம்மாவுக்கு,

அந்தியூரிலிருந்து அன்புமணி வணங்கி எழுதுவது. தூத்துக்குடியில் வெயில் எப்படி? உங்கள் இருமல் தேவலையா? போனில் பேசினால் உங்கள் மருமகள் அன்புக்கரசியும் பக்கத்தில் இருந்து கேட்பாள். அதனால்தான் கடிதம்.

சாலையை அகலப்படுத்த, ஓரத்தில் இருந்த சுமைதாங்கிக் கல்லை அகற்றச் சொல்லி நான்தான் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டேன். சும்மா நிற்கிற பழங்கல் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் பழனியாத்தாள் என்கிற அக்கா, தலையில் புல்லுக்கட்டோடு வந்தவர், குறியைப் பார்த்து நின்றுவிட்டார்.

“ஏனுங்க, இது புள்ளத்தாச்சியா செத்துப்போன ஒரு அம்மணிக்கு வெச்ச கல்லுங்க. போறவங்க வாறவங்க சொமைய எறக்குனா அவ வகுத்துச் சொமையும் எறங்குமுங்க. எடுத்துப்போடாதீங்க” என்றார்.

இன்ஜினியரிடம் மூன்று நாள் மன்றாடி, பத்தடி தள்ளி நட அனுமதி வாங்கினேன். நேற்று நட்டோம். முதல் சுமையை என்னையே இறக்கச் சொன்னார் அந்த அக்கா. அவருடைய புல்லுக்கட்டைச் சுமந்து வந்து இறக்கினேன். தலை இன்னும் அரிக்கிறது. மனசு லேசாக இருக்கிறது.

அன்புக்கரசியிடம் கல்லை நட்டதை மட்டும் சொல்லுங்கள். யாருக்காக வைத்த கல் என்று சொல்ல வேண்டாம், அவளுக்கு இது எட்டாம் மாதம். லீவு கிடைத்துவிட்டது. பத்தாம் தேதி வருகிறேன், கருவாட்டுக் குழம்பு வையுங்கள்.

ஜல்லி லாரி வந்துவிட்டது, முடிக்கிறேன். தெருக்குழாயில் அவள் தண்ணீர் பிடித்தால், பாதி வழிக்குப் போய் நீங்கள் குடத்தை இறக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
அன்புமணி