நூறு எம்.எம். லென்ஸ்

ஆவணி, வியாழக்கிழமை இரவு.

கல்யாணங்களில் தாலி, மெட்டி, மோதிரம் எல்லாம் கிட்டத்தில் தெரிகிற மாதிரி எடுக்க ஒரு மேக்ரோ லென்ஸ் வேண்டும். இன்று சிம்மக்கல்லில் ஒரு கேமரா கடைக்குப் போனேன். அறுபது எம்.எம். வாங்குவதா, நூறா என்பதுதான் குழப்பம். நூறு என்றால் மணமேடையில் யாரையும் இடிக்காமல் தள்ளி நின்றே எடுக்கலாம்.

என் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்து நூறில் எடுத்துப் பார்த்தேன். எடுத்த படமெல்லாம் கலங்கல். லென்ஸில்தான் கோளாறு என்றேன். கடைக்காரர் கேமராவை வாங்கி ஸ்டாண்டில் மாட்டி எடுத்தார். மோதிரத்தில் இருந்த கீறல்கூடத் தெளிவாக விழுந்தது.

"லென்ஸ் நல்லாத்தாண்ணே இருக்கு. உங்க கைதான் ஆடுது. காலைல சாப்பிட்டீகளா?"

சாப்பிட்டிருந்தேன். அப்பாவுக்கும் இப்படி வலது கையில்தான் ஆரம்பித்தது. கடைசியில் அம்மாதான் ஊட்டிவிட்டாள். தாலி கட்டும் நேரத்தில் அந்தக் கூட்டத்துக்குள் ஸ்டாண்டை எங்கே வைப்பது? எனக்கு வேறு தொழிலும் தெரியாது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

வீட்டில் செல்வி காப்பி கொடுத்தாள். டம்ளரில் பாதிதான் இருந்தது.

"இம்புட்டுத்தானா?"

"குடிங்க, மறுபடி ஊத்துறேன். நெறைய ஊத்துனா சட்டையில சிந்திக்கிறீக. ரொம்ப நாளாவே பாதிதான் ஊத்துறேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

எந்த லென்ஸ் வாங்கினேன் என்று கேட்கவேயில்லை. பக்கத்தில் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை என்று மூச்சிலேயே தெரிகிறது. விளக்கை அணைக்க வேண்டும்.