ரோஜாப் பட அட்டை

நவம்பர் 4, செவ்வாய்
மழை. துறைமுகம் தெரியவில்லை, கப்பல் சங்கு மட்டும். மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. இடது கால் பெருவிரல் கறுத்துவிட்டது, சர்க்கரை. விரலை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் காலே போகும் என்றார் டாக்டர். மகன் சேவியர் சம்மதிக்கவில்லை. அவன் தூக்காமல் படி இறங்க முடியாது.

காரணம் சுவரில். புத்தாண்டு ஜெபத்தில் என் பெயருக்கு வந்த, வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை. அப்போது எழுத்துத் தெரியாத எனக்கு அது வெறும் ரோஜாப் படம். இன்று எழுத்துக் கூட்டினேன். என் எலும்பு ஒன்றும் முறியாதாம். நானே படித்தேன்! சிரிப்பு அடங்கவில்லை. என்னைக் கட்டிப்போட்டதே இந்த வரிதான் என்பது பிறகுதான் உறைத்தது.

நவ. 5
தூறல். இட்லி இரண்டு. கீழே ஆட்டோ காதரின் குரல்.
"இன்னா தோஸ்து, எறங்கி வர்றியா? வண்டி சும்மாதான் கீது!"
"றெக்கை மொளைக்கட்டும் மாமு!"
சேவியர் ஜன்னலைச் சாத்தினான். "விரலை எடுத்தா எலும்பையும் சேத்துதான் எடுப்பாங்க நைனா. அப்போ வசனம் பொய்யா?"
விரலில் நாற்றம்.

நவ. 7
வெயில். அட்டையின் அடியில் அத்தியாய எண். வேதப்புத்தகத்தில் தேடிப் பிடித்தேன். பக்க ஓரத்தில் பொடி எழுத்தில் இன்னோர் அத்தியாயத்தின் எண். அங்கே போனால் ஆண்டவரின் சிலுவை! அந்த எலும்பு வரி நிறைவேறியதே அங்கேதான். குஷியில் தட்டைத் தட்டினேன். சேவியர் ஓடிவந்தான்.
"அவரு எலும்பு முறியலடா. ஆனா கால்ல ஆணி எறங்கிச்சே! காயமே படாதுன்னா சொல்லிச்சு? கைவுட மாட்டேன்னு சொல்லிச்சு."
"நேத்து எழுத்து கத்துக்கினு இன்னிக்கி எனக்கு அர்த்தம் சொல்றியா?"
"ஆமாண்டா."
வெளியே பூட்டிவிட்டுப் போனான்.

நவ. 8, காலை
காய்ச்சல். எழுத்து கோணல். சேவியர் கட்டில் ஓரமாக உட்கார்ந்தான்.
"அம்மாவும் ஆபரேசனுக்கு நடந்துதான் போச்சு. துணி சுத்திக் குடுத்தாங்க."
இத்தனை மாதமும் அந்த அட்டையில் அவன் பார்த்தது அவளைத்தான். அதற்கு என்னிடம் வசனம் இல்லை.
"எனக்கும் பயந்தாண்டா," என்றேன்.
அட்டையைக் கழற்றி என் சட்டைப்பையில் வைத்தான். ஜன்னலைத் திறந்தான்.
"காதர் பாய், வண்டி கீதா?"
இப்போது என் முன்னால் முதுகு காட்டிக் குந்தியிருக்கிறான்.
"எழுதினது போதும் நைனா. கழுத்தக் கெட்டியாப் புடி."