செல்வியிடம் நான் கேட்காதது

மிஸ்,

இன்று காலை கந்தோரில் கோப்புகள் வைக்கும் அலுமாரியைத் திறந்ததும் உங்கள் தலைவலித் தைலத்தின் வாசம் வந்தது. நீங்கள் இங்கிருந்து போய் இரண்டு வருடமாகியும் அந்தத் தட்டைவிட்டு அது போகவில்லை. நான் தேடியது செல்வியின் கோப்பு. அவள் வேலையை விட்டுவிட்டாள்.

வீடுவீடாகப் போய்க் குழந்தைகளையும் முதியவர்களையும் கவனிக்கும் வேலையில் நான் சேர்ந்த புதிது. முள்ளிக்குளத்தில் நான் பார்த்துவந்த குழந்தை இறந்துபோனது. மேற்பார்வையாளரான நீங்கள் விளக்கம் கேட்பீர்கள் என்று பயந்துகொண்டு வந்தேன். நீங்கள் கோப்பை மூடிவைத்தீர்கள்.

"அதைப் பிறகு கதைப்பம். நீர் நித்திரை கொள்ளுறீரோ?"

அன்று அழுதேன். அதன்பின் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு மணித்தியாலம் எனக்கென்று ஒதுக்கினீர்கள். நான் பிழைவிட்ட இடத்தையும் அங்கேதான், பயமில்லாமல், நானே கண்டுகொண்டேன்.

செல்வி வந்ததும் உங்கள் காலத்தில்தான். மலையகத்திலிருந்து நானாட்டான் பக்கம் வந்து குடியேறிய குடும்பம். கூட்டத்தில் அவளுடைய மலையகப் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அடுத்த கூட்டத்தில், "முதல்ல செல்வி சொல்லட்டும். நாங்கள் கதைக்கிற வீடுகளுக்குள்ள போறது அவதான்" என்றீர்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

உங்களுக்குப் பின் பொறுப்பு என்னிடம் வந்தது. வெள்ளிக்கிழமைகளைப் படிவங்கள் எடுத்துக்கொண்டன.

மறிச்சுக்கட்டியில் செல்வி பார்த்துவந்த ஒரு முதியவர், இந்திய அகதி முகாமிலிருந்து திரும்பித் தனியே இருந்தவர், சாப்பிட மறுத்தார். செல்வி என்னிடம் வந்தாள்.

"சேர், எனக்குப் பயமா இருக்கு. கொஞ்சம் பேசணும்."

"ரிப்போர்ட்டில எழுதித் தாங்கோ."

எழுதித் தந்தாள். கையெழுத்துப் போட்டு அடுக்கிவைத்தேன். பத்து நாள் கழித்து, அவர் இறந்து கிடந்ததைக் கண்டவளும் அவள்தான். அங்கிருந்து பஸ் ஏறி நேரே கந்தோருக்கு வந்தாள்.

"கடைசியா எப்ப போனனீங்கள்? பதிவு இருக்கோ?" என்றுதான் கேட்டேன்.

அவள் கோபப்படவில்லை. "மிஸ் இருந்திருந்தா மொதல்ல என்னைய உக்காரச் சொல்லியிருப்பாங்க சேர்" என்றாள். மறுநாள் விலகல் கடிதம் வந்தது.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். "அது யாரோடயும் பேசுறதில்லைங்க" என்று தாய் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

ஆறு வருடம் உங்கள் முன்னால் மனம்விட்டு அழுதவன் நான். நாம் சொல்வதை ஒருவர் காதுகொடுத்துக் கேட்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளை நிற்கவைத்தே கேள்வி கேட்டேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தத் தெரிதல் மட்டும்தான், மிஸ். அது என்னைத் தூங்கவிடுவதில்லை. செல்வி தூங்குகிறாளா என்று கேட்கவும் இனி எனக்கு வழியில்லை.