கருப்பட்டி நிறப் பாய்

அக்கா,

உங்களைக் கொன்றது அந்தக் கரும்பொடிதான். ஆஸ்பத்திரியில் மூச்சிளைப்பு என்றார்கள். நம் ரப்பர் பட்டறையில் யாரும் அதற்குமேல் பேசவில்லை.

இன்று காலை பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது, சேகோ ஆலைக் களத்தில், ஜவ்வரிசிக்கு மாவெடுத்தபின் மிஞ்சும் மரவள்ளிச் சக்கையான திப்பி காய்ந்துகொண்டிருந்தது. புளித்த வாடைக்கு எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு உங்கள் நினைப்பு வந்தது.

உருளையில் அரைபடும் ரப்பர்மேல் கரும்பொடியைக் கையால்தான் அள்ளிக் கொட்டுவீர்கள். ரப்பருக்கு உறுதி தருவது அது. முகத்தில் கட்டிய துண்டைத் தவிர உங்களுக்கு வேறு காப்பு இல்லை. வேலை முடிந்து உடம்பெல்லாம் கரியோடு பஸ் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "நமக்கு மட்டும் ரெண்டு சீட்டு சாமி, எந்த மகாராணிக்குக் கெடைக்கும்?" என்று சிரிப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

திப்பியை மாவாக்கி அந்தப் பொடிக்குப் பதிலாகப் போடலாம் என்று நான் சொன்னதும் முதலாளி ஒப்புக்கொண்டார். உங்கள் நெஞ்சுக்காக அல்ல, அது மலிவு. லாரி கேபினில் விரிக்கும் பாய்க்கு அந்த உறுதி போதும். முதல் பாய் கருப்பட்டி நிறத்தில் வந்தது. தடவிப் பார்த்துவிட்டு, "இதுமேல சோறு போட்டே திங்கலாம்" என்றீர்கள். அன்று நீங்கள் கைகழுவிய தண்ணீர் தெளிவாக ஓடியது.

நாமக்கல் கடைக்காரர் அத்தனையையும் திருப்பி அனுப்பினார். ரப்பர் என்றால் கருப்பாக இருக்கோணுமாம். கிழிந்த பாய் என்று ஒன்றைக்கூட அவர் காட்டவில்லை. முதலாளி திப்பியை விடவில்லை. நிறத்துக்காகக் கரும்பொடியையும் கொட்டச் சொன்னார். உறையில் பச்சை இலை அச்சடித்து, இயற்கைப் பாய் என்று விற்றார். நீங்கள் இருமிக்கொண்டே அவற்றை அடுக்கினீர்கள்.

திங்கட்கிழமை முதல் உங்கள் இடத்தில் உங்கள் மகள் நிற்கப்போகிறாள். வேண்டாம் என்றேன். "ஊட்ல வேற யாருங்கண்ணா இருக்கா?" என்றாள்.

அந்த முதல் பாய் இத்தனை நாளும் என்னிடம்தான் இருந்தது. இன்று அதைக் கொண்டுபோய் முதலாளி மேசைமேல் விரித்தேன். "வெறும் நெறத்துக்காக ஒரு உசுரு போயிருச்சுங்க. அந்தப் புள்ள வர்றதுக்குள்ள கரும்பொடிய நிறுத்துங்க."

அவர் பாயைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். கடைக்காரருக்குப் போன் போட்டுச் சரக்கு கிளம்பிய விவரம் சொன்னார். பேசி முடிக்கும்வரை நின்றேன். பிறகு பாயை மறுபடி விரித்தேன்.

"எப்பங்க நிறுத்துவீங்க?"