ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்த நிறம்

கடலில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

கரையிலிருந்து உங்கள் மனைவியும் மகளும் எழுதுவது. மகள் என்னத்தை எழுதுவாள், அவள் பங்குக்குத் தாளின் ஓரத்தில் பால் கக்கி வைத்திருக்கிறாள். கறையைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

முதலில் சேதி. ஆபரேஷன் முடிந்து பதினோராம் நாளான இன்று காலை, நம் மிளகு நல்ல பச்சையும் மஞ்சளுமாக வெளிக்குப் போனாள்! ஒரு பெண் இவ்வளவு சந்தோஷமாகப் புருஷனுக்கு எழுதுகிற விஷயமா இது என்று சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஈரலிலிருந்து பித்தம் இறங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

அவள் வெளிக்குப் போவது சுண்ணாம்பு மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னபோது, பால் குடிக்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் என் வாயை அடைத்தார்கள். பன்னிரண்டு வருஷமாகச் சாயப்பட்டறையில் நிறம் ஒத்துப் பார்க்கிறவளுக்கு வெள்ளை எது, வெளிர் மஞ்சள் எது என்று தெரியாதா? நான் விடவில்லை. அதனால்தான் பிறந்த ஐம்பத்தோராம் நாளிலாவது டாக்டரம்மாவிடம் வந்து சேர்ந்தோம். பித்தக்குழாய் அடைந்து சுருங்கிவிட்டது, அதை எடுத்துவிட்டுக் குடலையே ஈரலோடு சேர்த்துத் தைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் ஈரல் கெட்டுவிடும் என்றார்.

துறைமுகத்திலிருந்து போனில் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சின்னத் துளை போட்டுச் செய்வதுதான் நல்லது, நாங்கள்கூட இன்ஜினைக் கழற்றாமல் துளை வழியாகக் கேமராவை விட்டுத்தான் பார்க்கிறோம் என்றீர்கள். உங்கள் அக்காவும் அதே பாட்டுத்தான். பொம்பளப் புள்ள வயித்துல இம்மாம் பெரிய தழும்பா என்று மூக்கைச் சிந்தினார். எனக்கும் ஆசை இல்லாமலா? தழும்பு சின்னது, வலி குறைவு, சீக்கிரம் பால் கொடுக்கலாம். யாருக்குக் கசக்கும்?

நீங்கள் சொன்னதை அப்படியே டாக்டரம்மாவிடம் ஒப்பித்தேன். அவர் கோபப்படவில்லை. உங்க வீட்டுக்காரர் சொல்றது தப்பில்லம்மா, துளை போட்டு நல்லா செய்யறவங்களும் இருக்காங்க, ரெண்டு பக்கமும் ஆராய்ச்சி இருக்கு, இன்னும் யாரும் முடிவா சொல்லல என்றார். ஆனா பித்தம் வெளிய வர்ற ஈரல் வாசல்ல எவ்வளவு ஆழம் சீவறோம்கறதுலதான் எல்லாமே இருக்கு, கொஞ்சம் கூடினாலும் ஆபத்து, குறைஞ்சாலும் பித்தம் வராது, என் கை திறந்து செஞ்சு பழகின கை என்றார். உங்களை மறுபடி கூப்பிட்டேன். கப்பல் கிளம்பிவிட்டிருந்தது. பேனாவை வாங்கி, திறந்தே செய்யுங்கள் என்று கையெழுத்துப் போட்டேன். உங்கள் அக்கா கோபித்துக்கொண்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் பிள்ளையின் துணியை விரித்துப் பார்த்தேன், மஞ்சள்! வார்டே அதிரக் கத்திவிட்டேன். உங்கள் அக்கா கோபத்தை மறந்து கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நர்ஸ் துணியை ஜன்னலோரம் கொண்டுபோனார். வெள்ளை. பழைய சுண்ணாம்பு வெள்ளையேதான். கட்டிலுக்கு மேலே எரிந்த பல்பு காட்டிய மஞ்சள் அது. விளக்குல பாத்து நிறம் சொல்லாதே, ஜன்னலுக்குப் போ என்று பட்டறையில் புதிதாக வருகிறவர்களை விரட்டுகிற நானே ஏமாந்தேன். அன்று குளியலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிள்ளையின் வயிற்றைக் குறுக்கே கிழிக்கச் சொன்னவள் நான்தானே, உங்களிடம் என்ன பதில் சொல்வேன் என்று உங்கள் முகம்தான் கண் முன்னால் நின்றது.

அதனால் இன்று யாரையும் கூப்பிடவில்லை. நேராக ஜன்னலுக்குப் போனேன். பக்கத்தில் வெள்ளைக் கைக்குட்டையை விரித்து மூன்று தடவை ஒத்துப் பார்த்தேன். அப்புறம்தான் கத்தினேன். நர்ஸ் ஓடிவந்தார், டாக்டரம்மா ஓடிவந்தார். அழுக்குத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் சிரிக்கிறோம். பச்ச வந்துடுச்சு, இனிமே நீங்க நிம்மதியா சாப்பிடுங்க என்றார் டாக்டரம்மா. உங்கள் அக்கா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்து, தழும்பு கெடக்கட்டும் போ, சட்ட போட்டா மறஞ்சிடும் என்றார். நான் ஜெயித்தேன் என்று சொல்ல வரவில்லை. சரி, கொஞ்சம் சொல்லத்தான் வருகிறேன்.

இன்னும் ஒன்று. வருஷக்கணக்கில் பரிசோதனைக்கு வர வேண்டுமாம். சில பிள்ளைகளுக்கு இந்த ஈரல் காலத்துக்கும் போதுமாம். சில பிள்ளைகளுக்குப் பின்னால் அப்பா அல்லது அம்மாவின் ஈரலிலிருந்து ஒரு துண்டு வைக்க வேண்டி வருமாம். மிளகு நன்றாக இருக்கிறாள், இப்போது அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்றார் டாக்டரம்மா. நானும் நினைக்கவில்லை.

என் ரத்தம் அவளுக்குச் சேராது என்று இங்கே பார்த்துச் சொல்லிவிட்டார்கள். உங்களுடையது என்ன வகை என்று கப்பலில் கேட்டு எழுதுங்கள். சும்மாதான் கேட்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். சாயங்காலம் நண்பர்களோடு உட்கார்ந்து குடிக்கிறீர்களே, அதை மட்டும் எனக்காக விட்டுவிடுங்கள். நீங்கள் நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மிளகின் அம்மா