பின்பலகை

மரியாதைக்குரிய அம்மாவுக்கு, கோபாலபுரம் பஸ் ஷெட்டிலிருந்து மகன் மிக்கேல்ராஜ் வணக்கத்துடன் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தணிந்ததா? சாந்தன்பாறையில் மழை விட்டதா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஷெட்டை ஊராருக்குத் திறந்துவிட்டு, முதலாளி பாதுகாத்து வைத்திருக்கும் பழைய பஸ்களுக்கு மாலை போட்டு நிறுத்தினார்கள். அவற்றில் ஒன்று முன்பு நம் மலைக்கு ஓடியது. முன்னால் துரைமாருக்கு மெத்தை இருக்கை, பின்னால் கூலியாட்களுக்கு வெறும் பலகை.

மானேஜர் ஆறுச்சாமி என்னைக் கூப்பிட்டார். "ஏப்பா, நீ எஸ்டேட்டுக்காரன்தானே? தலையில துண்டக் கட்டிட்டுப் பின்னால உக்காரு. சனங்க பாக்கட்டும்" என்றார். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வயிற்றில் இருந்தபோது நீங்கள் அப்படியொரு பலகையில் குலுங்கிக்கொண்டு மலையேறியதாகச் சொன்னீர்களே, அது நினைவுக்கு வந்தது. நேராகப் போய் மெத்தையில் உட்கார்ந்தேன்.

"எந்திரிடா" என்றார்.

"நீங்க வேணும்னா பின்னால உக்காருங்க" என்றேன். கூட்டம் கலையும்வரை எழவில்லை.

வேறொன்றும் ஆகவில்லை, பயப்படாதீர்கள். மெக்கானிக் வேலையிலிருந்து எடுத்து பஸ் கழுவப் போட்டிருக்கிறார்கள். கூட இருப்பவர்கள் என்னுடன் சாப்பிட உட்காருவதில்லை. நானும் கூப்பிடுவதில்லை. ஈரத்தில் நிற்பதால் அப்பாவின் கம்பளியைச் சகாயம் அண்ணனிடம் கொடுத்தனுப்புங்கள். அவரை உடனே திரும்பாமல் இரண்டு நாள் என்னோடு தங்கச் சொல்லுங்கள்.

மன்னிப்புக் கேட்டால் பழைய வேலை தருவதாக ஆறுச்சாமி சொல்லியனுப்பினார். அந்த ஆளின் குரல் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்டுவிடு என்று மட்டும் எழுதாதீர்கள் அம்மா. நீங்கள் சொன்னால் கேட்டுவிடுவேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான், நிறுத்துகிறேன்.

மிக்கேல்ராஜ்