நீ பொறந்த அன்னைக்கு வானம்

குமாரபாளையம்
14.2.89

அருமை மகள் சௌந்திரத்துக்கு அப்பா எழுதுறது. இங்கே நானும் உங்கம்மாவும் மாடு கன்னும் சௌக்கியம், பம்பாயில நீயும் உன் கோபமும் சௌக்கியமா இருப்பீங்கன்னு நம்புறேன். ஆபீஸ்ல கூட வேலை செய்யற குழந்தைவேல்ங்கிற பையனைக் கட்டிக்கிறேன்னு நீ எழுதி ரெண்டு மாசம் ஆச்சு, நான் பதில் போடலைன்னு நீயும் அப்புறம் காயிதமே போடலை, பிடிவாதத்துல யார் புள்ளைன்னு கேக்கவே வேண்டாம்.

போன வாரம் மெட்ராஸ் போயிருந்தேன். எதுக்குன்னு சொன்னா திட்டுவே, உன்னாட்டமே செவ்வாய் தோஷம் இருக்கிற ஒரு மாப்பிள்ளை ஊட்டுல உன் ஜாதகத்தைக் குடுக்கத்தான். அங்கே போறதுக்கு முந்தின நாள் உன் மாமன் சரவணமுத்து, அவன் மக கோளரங்கத்து மேடையில பரதம் ஆடுறான்னு என்னையக் கூட்டிப்போனான். ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்குதுன்னு உள்ளே வானம் காட்டுற மண்டபத்துல உக்கார வெச்சான். ஒரே இருட்டு, தலைக்கு மேலே பூரா நட்சத்திரம். விளக்கம் சொன்ன பொண்ணு, எந்த நாளு வானத்தையும் இங்கே காட்டலாம், யாராச்சும் ஒரு பிறந்தநாள் சொல்லுங்கன்னா. உங்கப்பன் சும்மா இருப்பானா, எந்திரிச்சு நின்னு விருச்சிக ராசி, கேட்டை நட்சத்திரம், ஏழுல செவ்வாய்ங்கன்னு சொன்னேன். மண்டபமே சிரிச்சுது, உன் மாமன் என் வேட்டியைப் புடிச்சு இழுக்குறான். இங்கிலீஷ் தேதியும் நேரமும் போதுங்கய்யான்னு அந்தப் பொண்ணு சொன்னா, சொன்னேன்.

நீ பொறந்த விடியக்காலத்தை அப்படியே காட்டினா. மேக்கால அடிவானத்துல செவ்வாய், குண்டுமணி அளவுகூட இல்லை. இதுக்கா நாலு வருசமா வந்தவங்களையெல்லாம் திருப்பி அனுப்பினோம்னு இருந்துச்சு. ஜாதகமே எழுதாத பையனைக் கட்டினா உன் தாலிக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னுதான் பயந்தேன் சாமி, வேற ஒண்ணுமில்லை. நீ பொறந்த அன்னைக்கு உள்ளே நீ அழுத சத்தம் கேட்டதும் ஜாதகம் எழுதணுமேன்னு கடிகாரத்தைத்தான் ஓடிப்போய்ப் பாத்தேன், உன் முகத்தை அப்புறம்தான் பாத்தேன். அதை நெனைச்சு அங்கேயே அழுதுட்டேன், இருட்டுல உன் மாமனுக்குத் தெரியாது, நீயும் சொல்லிராதே.

பரதத்தைப் பாத்துட்டு, அந்த மாப்பிள்ளை ஊட்டுக்குப் போகாமலே பஸ் ஏறிட்டேன். உங்கம்மா ரெண்டு நாள் என்கூடப் பேசலை, மூணாம் நாள் அந்த பம்பாய்ப் பையனுக்குக் காரம் ஆகுமான்னு கேட்டா. அதனால பங்குனியில மாரியாத்தா கோயில் நோம்பிக்கு அவனையும் கூட்டிக்கிட்டு வா.

மாரியாத்தா உங்க ரெண்டு பேரையும் தீர்க்காயுசா வெச்சிருக்கட்டும். ஒண்ணு மட்டும் மறந்துறாதே கண்ணு, அவன் பொறந்த நேரத்தை அவங்கம்மாகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு வந்துறாதே. நான் கேட்டாலும் கேப்பேன், தெரியாதுன்னே சொல்லிரு.

உன் அப்பன்
நாச்சிமுத்து